எட்டுக் கிரகக் கல்யாணம்

யேசுவடியாளுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது. திருநெல்வேலிச் சீமையில் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கிறிஸ்தவ ஊரில், கோயில் மணி அடிப்பவருடைய மகளாகப் பிறந்தவள். அந்த வீட்டில் ராகுகாலம் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால்கூட அப்பா முறைப்பார். அதனால்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில், மகள் சுகிர்தத்தின் கல்யாணத்துக்காக மாட்டுங்காவில் மண்டபம் கேட்கப் போனபோது அவளுக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை.

தை மாதத்தில் மாட்டுங்காவில் மண்டபம் கிடைப்பது லேசான காரியமில்லை. ஆறு மாதம் முந்தியே சொல்லி வைத்தவர்களே கெஞ்சிக்கொண்டு நிற்பார்கள். மண்டபத்து மானேஜர் பிரம்மநாயகம் பிள்ளை கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"பிப்ரவரி அஞ்சா? திங்கக்கிழமையா? நல்லா யோசிச்சுத்தான் கேக்கிறீங்களா?"

"ஆமாய்யா. மாப்பிள்ளைக்கு விக்ரோலிக் கம்பெனியில அந்த வாரம்தான் லீவு குடுத்திருக்காவ."

"எடுத்துக்கோங்க. அன்னைக்குப் பூரா ஒங்களுக்குத்தான். முந்தின நாளும் வேணும்னா வச்சுக்கோங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

தாராவிக்கு நடந்து வரும் வழியெல்லாம் யேசுவடியாள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள். பெரிய பெரிய ஆட்களுக்குக் கிடைக்காத இடத்தைத் தாராவியில் மெஸ் நடத்தும் ஒரு விதவைக்கென்று ஆண்டவர் காலியாக வைத்திருக்கிறார். இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

அடையாளம் என்னவென்று அவளுக்குப் பொங்கலன்று தெரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனையில் முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் அவர்களைப் பெற்றவர்கள் பெயரையும் போதகர் சபையில் வாசித்து, இதற்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார். ஓலை ஏறிவிட்டால் கல்யாணம் வீட்டுக் காரியம் மட்டுமில்லை, சபையின் காரியம். அந்தச் சந்தோஷத்தோடு அவள் தன் ஒற்றை அறைக் கோலியின் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த கோலிச் செண்பகவல்லி சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். என்றைக்குக் கல்யாணம் என்று கேட்டாள். சொன்னதும் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"மைனி, அன்னைக்கு எட்டு கிரகமும் ஒரே ராசியில வந்து நிக்கில்லா! ஒலகமே அழியப் போவுதுன்னு ஊரே கெடந்து நடுங்குது. ஒங்களுக்கு வேற நாளே கெடைக்கலையா?"

"அப்பிடியா? எனக்கு ஒருத்தரும் சொல்லலியே."

"அதான் அந்தப் பிள்ளைவாள் மண்டபத்தத் தூக்கிக் கையில குடுத்திருக்கேரு!"

எதிர் கோலிச் சைனப் வாசற்படியில் உட்கார்ந்து கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அல்லாவே! ஊர்ல ஒரு பய எடுக்காத நாளப் பாத்துப் பிடிச்சுட்டு, அக்கா நேத்து பூரா ஆண்டவர் குடுத்தாரு, ஆண்டவர் குடுத்தாருன்னு பாடுனாவளே!"

யேசுவடியாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டு என்னட்டி, ஒம்பதும் வரட்டும். பந்தியில எடமா இல்ல?" என்றாள்.

தை நகர நகர ஊரே விளையாட்டை விட்டுவிட்டது. மதராஸ் ரயிலில் ஏற முடியவில்லை. செத்தாலும் சொந்த மண்ணில் சாவோம் என்று குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தாராவியில் கோலிக்குக் கோலி பூட்டு தொங்கியது. மாட்டுங்காப் பக்கம் தெருவுக்குத் தெரு யாகம் நடந்தது, நெய்ப்புகையும் லவுட்ஸ்பீக்கர் மந்திரமும் காற்று திரும்பினால் இங்கே வரை வந்தன. மெஸ்ஸில் சாப்பிடும் தோல்கிடங்கு ஆட்களில் பாதிப் பேர் காணாமல் போனார்கள். யேசுவடியாள் உலைக்கு அளக்கும் அரிசியைக் குறைத்தாள். ஆனால் ஒவ்வொரு உலைக்கும் முன்னால் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கத்தை நிறுத்தவில்லை. "திங்கக்கிழமையோட எல்லாம் முடியுதுங்காவ, இனி யாரு பொங்கித் திங்க இந்தப் பிடியரிசி?" என்று சபையில் ஒருத்தி கேட்டாள். "முடிஞ்சா அந்தப் பானை அப்பிடியே இருக்கட்டும். வார ஆண்டவரு பாக்கட்டும்" என்றாள் யேசுவடியாள்.

கிரகங்களுக்குச் சபையார் பயப்படவில்லை. அது அஞ்ஞானம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பயம் வேறு உடுப்பு மாட்டிக்கொண்டு கோயிலுக்குள்ளும் வந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு பிரசங்கியார் வந்து இறங்கினார். கொம்புகளும் தலைகளும் உள்ள மிருகங்கள் வரைந்த பெரிய துணிப்படம் ஒன்று வைத்திருந்தார். சூரியனிலும் சந்திரனிலும் நட்சத்திரங்களிலும் அடையாளம் தோன்றும் என்று ஆண்டவர் சொல்லவில்லையா, இதோ தோன்றிவிட்டது, பிப்ரவரி ஐந்தோடு முடிகிறது என்றார். செம்பூருக்கு அப்பால் குன்றுச் சரிவில் பந்தல் போட்டு, உபவாசமிருந்து காத்திருக்க ஆட்களை அழைத்தார். அவரிடம் போனவர்களில் ஒருவர் குருபாதம். சுகிர்தத்தின் மாமனாராக வர வேண்டியவர்.

குருபாதம் வடாலாவில் ரயில்வே யார்டு மேஸ்திரி. பொய் சொல்லாதவர், கடன் வைக்காதவர், விடியுமுன் எழுந்து வேதம் வாசிப்பவர். மூன்றாம் ஓலை வாசித்த மறுநாள் அவர் மெஸ்ஸுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். காப்பி வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றார்.

"சம்பந்தி, கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வைப்போம்."

"எதுக்கு அண்ணாச்சி? கிரகத்துக்கா?"

"சீச்சீ. கிரகத்துக்கு நான் பயப்படுவனா? ஆண்டவர் நாளுக்குப் பயப்படுதேன். நோவா காலத்துல என்ன செஞ்சாவ? தின்னாவ, குடிச்சாவ, பொண்ணு குடுத்தாவ, பொண்ணு எடுத்தாவ. வெள்ளம் வந்து அள்ளிக்கிட்டுப் போயிட்டு. அவரு வாரப்ப நாமளும் பந்தியில உக்காந்து பாயசம் குடிச்சுக்கிட்டு இருக்கணுமா?"

யேசுவடியாள் கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்த வசனம் தெரியும்.

"நோவாவுக்கு மூணு மக்கமாரு அண்ணாச்சி. மூணு பேருக்கும் கல்யாணம் ஆயிருந்துச்சு. மருமக்கமாரோடதான் பேழைக்குள்ள போனாவ. கல்யாணம் பண்ணுனது குத்தம்னா அந்த மூணு பிள்ளையளும் வெளியிலல்லா நின்னிருக்கணும்? கல்யாணம் பண்ணிக்கிட்டு ஆண்டவர மறந்துட்டானுவளே, அதுதான் குத்தம்."

குருபாதம் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "எனக்கு மனசு துணியல. கூறைப்பட்டும் தாலியும் எம் பெட்டியில இருக்கு. இருக்கட்டும். பையன் தேவஇரக்கத்தையும் கூட்டிக்கிட்டு நான் சனிக்கிழமை மலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுகிர்தம் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். சாதாரணமாக வாயாடி. இப்போது குரல் இறங்கியிருந்தது.

"அம்மா, அவிய வரலன்னா?"

ஓலை வாசித்து நின்றுபோன கல்யாணம் என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். தாராவியில் தொடங்கி அம்பர்நாத் வரைக்கும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெண்ணிடம் ஏதோ குறை என்று ஒரு வாய் சொன்னால் போதும். பிற்பாடு நாள் தள்ளி நடந்தாலும் அந்தப் பேச்சு போகாது.

"வருவாவ" என்றாள் யேசுவடியாள். "நீ போயி பிளவுஸ் தைக்கக் குடுத்தத வாங்கிட்டு வா."

மகள் போன பிறகு அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண் கல்யாணத்தைப் பற்றிய கவலையைவிட வேறொன்று அவளைக் குடைந்தது. தினமும் ஜெபத்தின் கடைசியில் அவள், ஆண்டவரே சீக்கிரம் வாரும் என்று சொல்லி ஆமென் போடுகிறவள். மெய்யாகவே திங்கட்கிழமை அவர் வந்துவிட்டால்? கொஞ்சம் பொறும், தாலி ஏறட்டும் என்று சொல்வாளா? அப்படியானால் இத்தனை வருஷமும் வெறும் வாயால்தானே கூப்பிட்டிருக்கிறாள்?

யுத்தகாலத்தில் கப்பல் வெடித்த நாள் ஞாபகம் வந்தது. சுகிர்தம் அப்போது கைக்குழந்தை. துறைமுகத்தில் வெடித்த வெடிக்குத் தாராவித் தகரமெல்லாம் அதிர்ந்தது. வானம் கறுத்து, தெற்கே நெருப்பு எழுந்தது. கடைசி நாள் வந்துவிட்டது என்று சபைப் பெண்கள் சந்தில் முழங்கால் போட்டு அழுதார்கள். அவளும் அழுதாள். அவள் புருஷன் ஆசீர்வாதம் அன்று துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தான். பொழுது சாயும்போது குழந்தை பசிக்கு அலறியது. அவள் எழுந்து அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தாள். ஆசீர்வாதம் வரவில்லை. அவனோடு வேலை செய்து தப்பியவர்கள், உடம்பெல்லாம் கரியோடு, செய்தி சொல்ல வந்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கஞ்சியை ஊற்றினாள். மெஸ் அன்றைக்கு ஆரம்பித்தது. அந்தக் கஞ்சியை ஊற்றிய நேரத்தில், யாரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அவளுக்கு இருந்தது. பயமாக இல்லை.

திங்கட்கிழமை அவர் வந்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. வரட்டும். பொறும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு மனது லேசாயிற்று. ஆனால் குருபாதத்துக்கு இதை யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் செம்பூருக்குப் போய், அங்கிருந்து நடந்தாள். சரிவில் பந்தலின்கீழ் வெள்ளை உடுத்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பட்டினியில் பிள்ளைகள் சுருண்டு கிடந்தன. குருபாதம் முன்வரிசையில் கண்மூடியிருந்தார். பக்கத்தில் மகன் தேவஇரக்கம், பிட்டர் வேலைக்காரன், முழங்காலைக் கட்டிக்கொண்டு. மாமியாரைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது.

பிரசங்கியார் அவளை வழிமறித்தார். "சகோதரி, கல்யாணக் காரியமாக வந்தீர்களா? லோத்தின் மனைவியை மறந்துவிட வேண்டாம். திரும்பிப் பார்த்தவள் உப்புத்தூண் ஆனாள்."

"அவ பின்னால பாத்தா ஐயா. நான் முன்னாலதான் பாக்கேன். நாளைக்குப் பந்தி கெடக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்து இருமலாக மாற்றிக்கொண்டார்கள். குருபாதம் கண்ணைத் திறந்தார்.

"சம்பந்தி, எதுக்கு இங்க வந்திய?"

"ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன் அண்ணாச்சி. நாளைக்கு ஆண்டவர் வாராருன்னு நெசமாவே நம்புதியளா?"

"நம்பித்தான உக்காந்திருக்கேன்."

"சரி. வந்து ஒங்க முன்னால நிக்காரு. குருபாதம், மூணு ஞாயித்துக்கெழம என் சன்னதியில ஒம் பேர வாசிச்சாவளே, இன்னாளு மகனுக்கு இன்னாளு மகள்னு. தடை உண்டான்னு கேட்டப்ப நீ வாயத் தொறக்கலியே. அந்த வார்த்த எங்கன்னு கேப்பாரு. என்ன சொல்லுவிய? உமக்குப் பயந்துதான் வார்த்தையக் கைவிட்டேன் ஆண்டவரேன்னா?"

குருபாதம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு வரலன்னா கல்யாணத்துக்குத் தடையே இல்ல. வந்தாருன்னா, குடுத்த வார்த்தைய நிறைவேத்திக்கிட்டு இருக்கப்ப வரட்டுமே. எசமான் வாரப்ப வேலைக்காரன் எங்க நிக்கணும்? அவன வச்ச எடத்துலதான நிக்கணும்? ஒங்களை மலையில வைக்கல அண்ணாச்சி. யார்டுல வச்சிருக்காரு. ஒரு பையனுக்குத் தகப்பனா வச்சிருக்காரு. நாளைக்கு ஒம்பது மணிக்குக் கோயில்ல மணி அடிக்கும். நான் சொல்லியாச்சு."

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. தேவஇரக்கம் பாதி வழி கூடவே ஓடிவந்தான்.

"மாமி, அப்பா வரலன்னாலும் நான் வருவேன். ஆனா பெட்டிச் சாவி அப்பா இடுப்புல இருந்துச்சு. நேத்து பிரசங்கியாரு, இனிமே வீட்டுச் சாவி எதுக்கு, உலகத்த விட்டுப் போறவனுக்குப் பூட்டு எதுக்குன்னு எல்லார் சாவியையும் வாங்கி உப்பங்கழியில எறிஞ்சுட்டாரு."

யேசுவடியாள் அப்படியே நின்றாள். "கழியிலயா? அட பாவி மனுசா!" என்று சொல்லிவிட்டு, உடனே, "ஆண்டவரே மன்னியும்" என்றாள். "அழாத. பட்டுக்கு எம் பழைய சேலை இருக்கு. தாலிக்கு மஞ்சக் கயிறு போதும். ஆனா மொதல்ல அப்பாவக் கூட்டியாரப் பாரு. விட்டுட்டு வர அவசரப்படாத."

திரும்பி வந்தால் வேறொரு சேதி காத்திருந்தது. சமையலுக்குப் பேசியிருந்த நெல்லையப்பன் ஆள் அனுப்பியிருந்தார். கிரகங்கள் பிரியும் வரை அடுப்பு மூட்டமாட்டாராம். யேசுவடியாள் தலையில் துண்டைக் கட்டினாள். "இத்தன வருசமா நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்?" என்றாள். சைனப் காய் வெட்ட வந்தாள். "கல்யாணத்துக்குச் சாம்பாராக்கா? நோன்பு தொடங்கப் போவுது. அதுக்கு முந்தி ஒரு பிரியாணி போடுவியன்னு பாத்தேன்" என்று புலம்பிக்கொண்டே பூசணிக்காயைப் பிளந்தாள். செண்பகவல்லி அன்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதம். ஆனாலும் தள்ளி உட்கார்ந்து, உப்பு போட்டாச்சா, புளி கரைச்சாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை விடிந்தது. மாட்டுங்கா மண்டபத்து அடுப்பிலிருந்து சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, யேசுவடியாள் குளித்துக் கோயிலுக்கு வந்தாள். சுகிர்தம் அம்மாவின் கல்யாணச் சேலையில் நின்றாள். சேலை மடிப்பில் பழுப்பேறியிருந்தது. பெண் வீட்டார் பக்கம் பெஞ்சுகள் பாதி நிறைந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டார் பக்கம் ஒருவருமில்லை.

போதகர் தாழ்ந்த குரலில் கேட்டார். "அம்மா, கொஞ்ச நேரம் பார்ப்போமா?"

"மணியடிக்கச் சொல்லுங்க ஐயா."

மணி அடித்தது. ஒரு பாட்டு பாடினார்கள். முடிந்தது. இன்னொரு பாட்டு தொடங்கினார்கள். யேசுவடியாள் வாசல் பக்கம் திரும்பவில்லை. பாட்டை மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடினாள். மூன்றாவது சரணத்தில் சுகிர்தம் அவள் முழங்கையை இடித்தாள்.

குருபாதம் வந்துகொண்டிருந்தார். தலையில் தகரப்பெட்டி. மலையில் உடுத்தியிருந்த அதே வெள்ளை வேட்டி, முழங்கால் வரை சேறு. பின்னால் தேவஇரக்கம் ஒரு பக்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். வடாலாவிலிருந்து பெட்டியோடு வந்திருக்கிறார்கள். சாவி இல்லாததால் பெட்டியையே தூக்கி வந்திருக்கிறார்கள்.

"வீட்டுப் பூட்ட ஒடச்சே உள்ள போனோம்" என்றான் தேவஇரக்கம். "இதையும் ஒடைக்கப் போனேன். அப்பா விடல. பட்டு கிழிஞ்சிரும், கோயில்ல வச்சு நிதானமா ஒடைக்கணும்னுட்டாரு."

வாசற்படியில் பெட்டியை வைத்து, மணிக்கயிற்றுக்காரரிடம் சுத்தியல் வாங்கி, மாப்பிள்ளை தன் கல்யாணப் பெட்டியின் பூட்டை இரண்டே அடியில் தெறிக்க விட்டான். உள்ளேயிருந்த சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். போதகர் தட்ட வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டுத் தானும் சிரித்தார்.

குருபாதம் யேசுவடியாள் முன்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"கண்ண மூடுனா ஓலைதான் கேக்குது சம்பந்தி. எம் பேரு, பையன் பேரு, ஒங்க பிள்ள பேரு. அவரு வந்தா இங்க வந்தே என்னப் பாக்கட்டும்."

"உள்ள வாங்க அண்ணாச்சி. காலக் கழுவிட்டு வாங்க."

போதகர் கூறைப்பட்டையும் தாலியையும் ஜெபித்துக் கொடுத்தார். தேவஇரக்கம் தாலி கட்டினான். வெளியே யாக மந்திரம் காற்றில் வந்து வந்து போயிற்று. கையெழுத்துப் போடும்போது சுகிர்தம் மாப்பிள்ளையிடம், "நெசமாவே கழியிலயா போட்டாரு?" என்று கேட்டது பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

மண்டபத்தில் முதல் பந்தியில் பாதி இலை காலி. அழைத்தவர்கள் பலர் ரயிலேறிப் போயிருந்தார்கள், இருந்தவர்கள் பலர் விரதம். யேசுவடியாள் சைனப்பை அனுப்பினாள். கரீம் பாட்சா தோல்கிடங்கில் அன்று வேலைக்கு வந்திருந்த அத்தனை பேரும் கைகால் கழுவிவிட்டு வந்தார்கள். அவர்களோடு ரயில் கிடைக்காமல் திரும்பியவர்கள், தெருவில் நின்றவர்கள், யாரென்றே தெரியாத ஒரு மராத்திக் குடும்பம். மண்டபம் நிறைந்தது. பிரம்மநாயகம் பிள்ளை வாசலில் நின்று ஒரு தடவை வானத்தைப் பார்ப்பார், ஒரு தடவை பந்தியைப் பார்ப்பார். "இன்னும் ஒண்ணும் ஆகலை, இல்லையா?" என்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்தார்.

குருபாதம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமையிலிருந்து வயிறு காலி. யேசுவடியாள் சோறு கொண்டு வந்தாள். அவர் இலைக்கு மேல் கையை நீட்டித் தடுத்தார்.

"சம்பந்தி, நாள் இன்னும் முடியலியே."

"முடியல அண்ணாச்சி. அதான் சாப்பிடச் சொல்லுதேன். இன்னும் வேல கெடக்கு. ரெண்டாம் பந்திக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல."

அவர் கையை எடுத்தார். ஜெபித்தார். நீண்ட ஜெபமாக இல்லை. முதல் கவளத்தை மென்று விழுங்கினார். இரண்டாவது கவளத்தில் நெற்றி வியர்த்தது. சாம்பார் கேட்டார், ரசம் கேட்டார், அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டார். பாயசம் வந்தபோது கொஞ்சம் தயங்கி, பிறகு இலையிலேயே ஊற்றச் சொன்னார்.

கை கழுவி வந்ததும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் வாளியைத் தூக்கினார். பந்தியில் நாலு பேருக்கு ஊற்றினார். தோல்கிடங்கு ஆள் ஒருவன், "சம்பந்தியே ஊத்துறாரு, பலே" என்றான். அவர் வாளியோடு யேசுவடியாள் இருந்த பக்கம் வந்தார்.

"மறுவீட்டுக்கு வியாழக்கெழம பிள்ளையள அனுப்பி வைக்கேன். நாங்களும் வாரோம், ஒரு ஏழு பேரு. அன்னைக்கு எனக்கு ராத்திரி டூட்டி, அதனால மத்தியானமே..."

பாதியில் நிறுத்தினார். தான் சொன்னது அவருக்கே கேட்டது. காது மடல் சிவந்தது.

"ஆண்டவருக்குச் சித்தமானா" என்று சேர்த்துக்கொண்டார்.

"சித்தமானாத்தான்" என்றாள் யேசுவடியாள். "நான் புதன்கெழமையே மாவு அரைச்சு வைக்கேன். இப்ப அந்தக் கடைசி வரிசைக்குத் தண்ணி வரல, பாருங்க."

அவர் கடைசி வரிசைக்குப் போனார். அவள் சோற்றுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மராத்திக் குடும்பத்தின் சின்னப் பெண்ணுக்கு எதிரே குனிந்தாள்.